டம்புரெல்லோ வேலியோரம்

இத்தாலியின் போலோன்யாவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் இமோலா. சாந்தெர்னோ ஆற்றைத் தாண்டியதும் பந்தயத் தடம் வந்துவிடுகிறது. பந்தயம் இல்லாத நாளிலும் ஆட்கள் வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் தேடிப்போவது, டம்புரெல்லோ வளைவை ஒட்டிய பூங்காவில் இருக்கும், பிரேசிலின் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் வெண்கலச் சிலையைத்தான். கோப்பையைத் தூக்கிப் பிடித்த சிலை அல்ல அது. தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

வேலி நெடுகப் பிரேசில் கொடிகள். வெயிலில் வெளுத்துப் போனவற்றின் மேலேயே புதியவற்றைக் கட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட புகைப்படங்கள், கையெழுத்துக் கடிதங்கள், காய்ந்த ரோஜாக்கள். இருபது வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி தன் தொப்பியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினாள். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட மனிதருக்காக அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை.

1994 மே 1. இங்கே நடந்த பந்தயத்தின் ஏழாவது சுற்றில், டம்புரெல்லோவில், சென்னாவின் வில்லியம்ஸ் கார் தடம் விலகிச் சுவரில் மோதியது; அவர் இறந்துபோனார். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அவருக்கே தெரியும். 1989-இல் அதே இடத்தில் சக ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் கார் மோதித் தீப்பிடித்திருந்தது. பின்னால் ஆறு ஓடுவதால் சுவரைத் தள்ளிப்போட வழியில்லை என்று விட்டுவிட்டார்கள். வளைவையே மாற்றியிருக்கலாமே! சென்னா போன பிறகு, 1995-இல் அதைத்தான் செய்தார்கள்.

பிரேசில் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. சாவ் பாவ்லோ தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு நின்று அவரை வழியனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பையை வென்ற பிரேசில் கால்பந்து அணி, மைதானத்திலேயே அவர் பெயர் எழுதிய பதாகையை விரித்துப் பிடித்தது.

ஆனால் அந்த வார இறுதியில் முதலில் அழுதவர் சென்னாதான். பந்தயத்துக்கு முந்தைய நாள் தகுதிச் சுற்றில், காரின் முன் இறக்கை உடைந்து, ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்துபோனார். அந்தப் பருவத்தில்தான் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தவர். மூன்று முறை உலகச் சாம்பியனான சென்னா, ஃபார்முலா ஒன் மருத்துவர் சிட் வாட்கின்ஸின் தோளில் சாய்ந்து அழுதார். மறுநாள் விபத்துக்குப் பின் அவரிடம் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் ராட்சன்பெர்கருக்காக அசைக்க எடுத்து வைத்திருந்தாராம்.

சென்னாவுக்காக இமோலா போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ராட்சன்பெர்கருக்கும் ஒரு பூ கொண்டுபோங்கள். அவர் விபத்துக்குள்ளான வில்நவ் வளைவு, டம்புரெல்லோவுக்கு அடுத்ததுதான்.