கீர்த்தனையில் ஒளிந்தவன்

படத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வழக்கை மட்டும் சொல்கிறேன். இந்திய தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்த கடைசி ஆண்டுகளில் மும்பை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நடந்தது. என் கட்சிக்காரர் ஓர் இந்திப் படத்தை எழுதி இயக்கியவர். கதை விருந்தாவனத்தில் நடக்கிறது. கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி பஜனை ஆசிரமத்தில் பாடிப் பிழைக்கிறாள். கொலை செய்துவிட்டுத் தலைமறைவான ஒருவன் கீர்த்தனைக்காரன் வேடத்தில் அங்கே வந்து சேர்கிறான். இருவருக்கும் காதல் பிறக்கிறது. அவன் யார் என்பதை ஆசிரமத் தலைவர் கண்டுபிடித்த மறுநாள் பிணமாகக் கிடக்கிறார். கடைசியில் அந்தப் பெண்ணே காதலனைப் போலீசில் ஒப்படைக்கிறாள்.

புகார் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆண்டுதோறும் கார்த்திக் மாத விரதத்துக்கு விருந்தாவனம் போகிறவர். விளம்பரத்துக்காகக் கோர்ட் படியேறும் ஆள் அல்ல. முழுப் படத்தையும் பார்த்து, காட்சி காட்சியாகக் குறித்துவைத்துத்தான் புகார் எழுதியிருந்தார். மத உணர்வை வேண்டுமென்றே அவமதித்ததாக 295ஏ, புண்படுத்தியதாக 298, ஆபாசம் என்று 292. மூன்றுக்கும் சேர்த்துச் சம்மன் வந்தது.

295ஏ-க்கு அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கையே எடுத்திருக்க முடியாது. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொன்னது. அனுமதி வாங்கப்படவில்லை என்று செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனு போட்டோம். அந்தப் பிரிவு உதிர்ந்தது. மற்ற இரண்டும் நின்றன. அவை சம்மன் வகை வழக்குகள். சம்மன் போன பிறகு அதே மாஜிஸ்ட்ரேட் இடையில் விடுவிக்க வழியில்லை. ஹைகோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யச் சொல்லலாம் என்றேன். கட்சிக்காரர் மறுத்தார். “அந்தப் பெரியவர் என்னைப் பக்தி இல்லாதவன் என்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் வெளியே வரமாட்டேன்” என்றார். விசாரணைக்குத் தயாரானோம்.

292-க்கு எங்களிடம் நல்ல தீர்ப்பு இருந்தது. ராஜ் கபூரின் ‘சத்யம் சிவம் சுந்தரம்’ படத்தின் மீதும் இதே பிரிவில் புகார் வந்தது. 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சென்சார் சான்றிதழ் இருப்பதாலேயே வழக்கு அடைபட்டுவிடாது, ஆனால் சட்டம் தந்த சான்றிதழை நல்லெண்ணத்தோடு நம்பித் திரையிட்டவர் தண்டனைச் சட்டத்தின் 79-வது பிரிவில் பாதுகாப்புக் கேட்கலாம். 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னொன்றையும் உறுதிசெய்தது. ஆபாசம் என்பதை ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முழுப் படைப்பையும் இன்றைய சமூகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். 292-வது பிரிவே கோயிலிலும், சாமி வலம் வரும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கு விலக்குத் தந்திருந்தது. காமமும் பக்தியும் ஒரே தேரில் இருக்க முடியும் என்பது அந்தச் சட்டத்துக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் 298-க்குத் தீர்ப்புத் தொகுதிகள் போதாது. புண்பட்ட மனிதர் கூண்டில் நிற்கும்போது அவருடைய மரபைப் படிக்காமல் கேள்வி கேட்பது மரியாதை அல்ல. ஜெயதேவரைப் படித்தேன், ரூப கோஸ்வாமியைப் படித்தேன். வங்க வைணவ ஆசாரியர்கள் ராதையைப் பிறன் மனைவியாக வைத்து, ஊரும் உறவும் ஏற்காத அந்தக் காதலையே பக்தியின் உச்சம் என்கிறார்கள்.

குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்டேன். பெரியவர் தயங்கவில்லை. “ராதாராணிக்குத் தாலியும் இல்லை, சொத்தும் இல்லை, ஊரில் பேரும் இல்லை. எதையும் எதிர்பார்க்காத அன்பு அது. அதனால்தான் உயர்ந்தது” என்றார்.

விருந்தாவனத்தில் ரங்ஜி கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். 1851-ல் கட்டி முடிந்த, நம் ஊர்க் கோபுரங்களோடு நிற்கும் கோயில். “போகாமல் இருப்பேனா, வக்கீல் சாஹப்? கோதா-ரங்கமன்னார் அங்கேதானே இருக்கிறார்கள்” என்றார். மனிதனுக்கு வாழ்க்கைப்படமாட்டேன் என்ற நம் ஆண்டாள் அங்கே மூலஸ்தானத்தில் இருக்கிறாள். அவளுடைய ஆசையில் குற்றம் உண்டா என்றேன். அவர் கைகூப்பி, இல்லை என்றார்.

“அப்படியென்றால் படத்தில் எது உங்களைப் புண்படுத்தியது?”

எதிர்த்தரப்புச் சாட்சியிடம் விடை தெரியாத கேள்வி கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம். ஆனால் இந்த மனிதரின் நேர்மை மேல் எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. அவர் சொன்னார்: “காதல் இல்லை. அந்தக் கொலைகாரன் நாமத்தைப் பாடி அதற்குள் ஒளிகிறான். நாமசங்கீர்த்தனத்தை முகமூடி ஆக்கிவிட்டார்கள்.”

புகாரில் இருந்த முத்தக் காட்சியும் ஹோலிக் காட்சியும் அந்த ஒரு பதிலில் பின்னுக்குப் போயின. உண்மையான வலி இதுதான். கேட்டேன்: “ராவணன் சீதா மாதாவைத் தூக்கிப்போக எந்த வேடத்தில் வந்தான்?”

“சாதுவின் வேடத்தில்.”

“அதைச் சொல்வதால் வால்மீகி சாதுக்களை அவமதித்தாரா?”

நெடுநேரம் யோசித்துவிட்டு, “இல்லை. எச்சரித்தார்” என்றார். அந்தப் பதிலை மாஜிஸ்ட்ரேட் தன் கைப்படக் குறித்துக்கொண்டார்.

பிறகு கோர்ட் முழுப் படத்தையும் பார்த்தது. பொய்யாகப் பாடியவன் பிடிபடுவதையும், உண்மையாகப் பாடியவள் காதலை இழந்தும் பக்தியை இழக்காமல் நிற்பதையும் மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பில் எழுதினார். புண்படுத்த வேண்டும் என்ற தீர்மானமான எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று இயக்குநரை விடுதலை செய்தார். அதே தீர்ப்பில் புகார்தாரரின் நம்பிக்கையையும் மரியாதையோடு குறிப்பிட்டிருந்தார். மேல்முறையீடு வரவில்லை.

ஆனால் வாய்தா வாய்தாவாக ஓடிய ஆண்டுகளில் அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்குப் பணம் போட யாரும் வரவில்லை. விடுதலைத் தீர்ப்பால் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியவில்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் புண்பட்டார் என்பது மதிக்க வேண்டிய உண்மை. ஆனால் சட்டம் அளக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் எண்ணத்தை. அந்த வேறுபாட்டைச் சம்மன் அனுப்பும் நாளிலேயே பார்க்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. தனிநபர் புகாரை எடுத்துக்கொள்ளும் முன்பே, குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதையும் மாஜிஸ்ட்ரேட் கேட்டாக வேண்டும். இளம் வக்கீல்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த நாளைச் சடங்காகக் கழிக்காதீர்கள். முழுப் படைப்பையும் கோர்ட் முன் வையுங்கள். புகார்தாரர் வணங்கும் நூல்களை அவரைவிடப் பணிவாகப் படித்துவிட்டுப் போங்கள். அவருடைய நம்பிக்கைக்குள்ளேயே உங்கள் கட்சிக்காரருக்கு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வழக்கில் இருந்தது.