முன் வாங்கும் தராசும்

நானுஓயா

அன்புச் சிநேகிதிக்கு,

வத்தளையில வெக்கை தாங்கலன்னு நீ எழுதியிருந்ததைப் படிச்சப்ப நான் ரெண்டு கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தேன். இங்க மூடுபனி விலகவே இல்ல. கோச்சி ஸ்டேஷனுக்கு வந்திருச்சுன்னு வேன்காரங்க வெள்ளைக்காரங்களைக் கூப்பிடுற சத்தத்துலதான் தெரியுது. போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா இந்தக் கதையை போன்ல சொன்னா நடுவுல நீ சிரிச்சுக் கெடுத்திருவ.

நம்ம தராசுக்காரர் இருக்காரே, பேர் வேணாம், கடிதம் யார் கையில மாட்டுமோ, அவரு டவுன் பக்கம் மாடி வீடு கட்டிட்டாரு. தரை முழுக்க டைல்ஸ், வாசல்ல ரெண்டு சிமெந்துச் சிங்கம். தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு கொஞ்சம், தண்ணிக்குன்னு கொஞ்சம் கழிப்பாரே, ஞாபகம் இருக்கா? மழையே இல்லாத நாள்லயும் தண்ணி கழிப்பாரு! அந்த ரெண்டு கிலோவுல எத்தனை பேருக்கு முழுப்பேர் அரைப்பேர் ஆச்சு, முழு நாள் கூலி பாதியாச்சு. கழிச்ச கொழுந்து யார் கணக்குல ஏறிச்சுன்னு லயத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேக்கத்தான் ஆள் இல்ல.

இப்ப அவரு சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்திருக்காரு. அறுப்பின் பண்டிகை அன்னைக்கு மாலை போட்டு முன் வாங்குல உட்கார வச்சாங்க. எனக்குப் பக்கத்துல இருந்தவ, "கர்த்தர் அவரை எப்படி ஆசீர்வதிச்சிருக்காரு பாருங்க"ன்னா. பின்னால இருந்து ஒரு குரல்: "அந்த ஆசீர்வாதம் என் கூடையில இருந்துதான் போச்சு." யாருன்னு நினைக்கிற? மேல் லயத்துப் பெரியம்மா! மைக் நல்ல மைக்தான், ஆனா அதில்லாமலே அவங்க சொன்னது போதகர் வரைக்கும் கேட்டிருச்சு.

அடுத்த ஞாயிறு போதகர் சங்கீதம் 73 எடுத்தாரு. ஆசாப் எழுதினது. துன்மார்க்கர் கொழுத்துத் திரியிறதைப் பார்த்துட்டு, நான் சுத்தமா இருந்து என்ன கண்டேன்னு அவரு புலம்புறது. நம்ம போதகருக்கு அவசரம். ரெண்டு நிமிஷத்துல ஆசாப்பை ஆலயத்துக்குள்ள கூட்டிப் போய், துன்மார்க்கருக்கு முடிவு வரும், பொறுமையா இருங்கன்னு முடிச்சுட்டாரு. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 28 வசனம். 17-ஆம் வசனத்துலதான் மனுஷன் ஆலயத்துக்குள்ள நுழையறாரு. அதுக்கு முன்னால பெரும்பாலும் முறைப்பாடு. அத்தனையையும் வேதத்துல விட்டு வச்சிருக்காங்கன்னா, முறைப்பாடும் ஜெபத்துல சேர்த்திதானே? அதைத் தாண்டிக் குதிக்கச் சொல்ல இவரு யாரு?

இன்னொண்ணு, ஆசாப் கோபம் வந்துச்சுன்னு சொல்லல, பொறாமை வந்துச்சுன்னு சொல்றாரு. அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. மாலை போட்ட அன்னைக்கு வெளிய நின்ன பொடியன்மார் பேச்சு காதுல விழுந்திச்சு. "நமக்கும் அந்தத் தராசு கிடைச்சிருந்தா"ன்னு ஒருத்தன் சொல்றான். அநியாயம் ஒழியணும்னு இல்லடி, நம்ம முறை எப்ப வரும்னு காத்திருக்கிறது! அந்த ஆள் கட்டின வீட்டை விட எனக்கு இதுதான் பயமா இருக்கு.

பொறுமையைப் பத்தி நம்ம சபைகள்ல ஏன் இவ்வளவு பேச்சுன்னு யோசிச்சிருக்கியா? 1854-ல தோட்டத்து ஆட்களுக்குன்னு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கினப்போ தொரைமார்தான் ஆதரவு, உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கவும் அவங்க காசு போச்சு. சம்பளம் கொடுக்கிற தொரை காதுபட, யாக்கோபு நிருபம் அஞ்சாம் அதிகாரத்தை எந்த உபதேசியார் வாசிச்சிருப்பாரு? வயல் அறுத்தவங்களுக்குப் பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு அதுல இருக்கே. நானா சந்தேகப்படுறேன், சாட்சி கேக்காத.

எல்லாரும் அப்படின்னு சொன்னா பாவம். கண்டியில 1972-ல சத்தியோதயத்தைத் தொடங்கின போல் கஸ்பர்ஸ் பாதர் இருந்தாரே, இயேசு சபைக்காரர். நம்ம ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்ல, தோட்டங்கள்ல பட்டினின்னு கிடந்த காலத்துல, சிங்கள நாட்டுக்காரங்களையும் தோட்டத் தமிழரையும் ஒண்ணா உட்கார வச்சுப் பேசினவரு. 2017-ல காலமாகும் வரைக்கும் வாய் மூடல. அப்புறம் 2023. நம்ம ஆட்கள் இங்க வந்து 200 வருஷம்னு, தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, ஜூலை 28-ல இருந்து ஆகஸ்ட் 12 வரைக்கும். அதுல முன்னால நின்னது தேசிய கிறிஸ்தவ மன்றம். கூட நடந்தவங்கள்ல எல்லா மதக்காரங்களும் இருந்தாங்க. காணி, வீடு, கூலின்னு கேட்டாங்க. மாத்தளையில நானும் போய் நின்னேன். கால் வீங்கி வந்த பொம்பளைகளைப் பார்த்தப்ப, எந்தப் பிரசங்கத்துலயும் வராத அழுகை வந்திச்சு.

நடந்து என்ன கிடைச்சுச்சுன்னு நீ கேப்ப. அடுத்த வருஷம், 2024-ல, நாள் சம்பளம் 1,700 ரூவான்னு வர்த்தமானியில போட்டாங்க. கம்பனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிச்சு. செப்டம்பர்ல 1,350-ல வந்து நின்னுச்சு. கால் சறுக்கப் பார்த்துச்சுன்னு அந்தச் சங்கீதத்துல ஆசாப் சொல்றாரே, அந்தக் கிழமையெல்லாம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. லூக்காவுல வர்ற விதவை அநியாய நீதிபதி வாசல்ல எத்தனை தடவை போய் நின்னாளோ, அதை எழுதி வைக்கல. எழுதியிருந்தா நமக்கு ஒரு கணக்காவது இருந்திருக்கும்.

பெரியம்மா இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்ல. பேத்தியோட பழைய கொப்பி ஒண்ணு எடுத்து, இப்ப மலையில வேலை செய்யிற மருமகளோட கொழுந்துக் கணக்கை அன்னன்னைக்கு எழுத வைக்கிறாங்க. நிறுத்தது இவ்வளவு, கழிச்சது இவ்வளவு, கணக்குத் துண்டுல போட்டது இவ்வளவு. அதைப் பார்த்து லயத்துல இன்னும் சிலர் கொப்பி வாங்கிட்டாங்க. சேமலாப நிதிக் காசு ஒழுங்கா கட்டுப்படுதான்னு கேக்க லேபர் ஆபீசுக்கும் சேர்ந்து போய் வந்தாங்க. தராசுக்காரருக்குப் பின்னால வந்த புது நிறுவைக்காரர் இப்பல்லாம் வெயில் நாள்ல தண்ணி கழிக்கிறதில்லையாம்!

இதுக்கு நடுவுல பெரியம்மா ராத்திரி ஜெபத்துல அந்த மாடி வீட்டுக்காரரைப் பேர் சொல்லி ஜெபிக்கிறாங்களாம், மருமகள் சொன்னா. "எதுக்கு?"ன்னு கேட்டேன். "சத்துருவுக்காக ஜெபம் பண்ணுன்னுதானே ஆண்டவர் சொன்னாரு, கணக்குக் கேக்காதன்னு சொல்லலையே"ன்னுட்டாங்க.

இனித்தான் விஷயம். வர்ற சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். ஊரையே கூப்பிட்டிருக்காரு, பெரியம்மாவையும். போகவே மாட்டாங்கன்னு நாங்க பந்தயம் கட்டாத குறை. அவங்க என்னடான்னா சேலை இஸ்திரி போடக் கொடுத்திருக்காங்க. "சகேயு வீட்டுக்கு ஆண்டவரே சாப்பிடப் போனாரு, நான் போனா என்ன?"ங்கிறாங்க. "சாப்பாட்டோட சகேயு விட்டானா? ஏமாத்தினதை நாலு மடங்கா திருப்பிக் கொடுக்கிறேன்னு சொன்னானே, அதையும் அங்க வச்சே கேக்கிறேன்."

பழைய கணக்கெல்லாம் தலையிலயே வச்சிருக்காங்களாம். போதகருக்கு இன்னும் தெரியாது, சொல்லிராத. நீயும் வா, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்சைப் பிடிச்சா விடியிறதுக்குள்ள வந்திரலாம். வர்றப்ப எனக்குக் கொஞ்சம் நெத்தலிக் கருவாடு வாங்கிட்டு வா. இங்க விக்கிற விலைக்கு அதையும் கழிவு போட்டுத்தான் நிறுப்பாங்க போல.

உன்,
நானுஓயாக்காரி