யார் கொண்டு வந்தது?

வியாதிகளுக்கும் அந்தஸ்து உண்டு. சர்க்கரை வியாதியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் உரக்கப் பேசலாம்; இலையைக் கையால் மறைத்துப் பாயசத்தை மறுப்பதில் ஒரு பெருமைகூட இருக்கிறது. ஆனால் வேட்டி மறைக்கும் இடத்தில் ஒரு சின்ன மரு முளைத்துவிட்டால், எப்பேர்ப்பட்ட வாயாடி ஆண்பிள்ளைக்கும் வாய் அடைத்துப் போகிறது.

என் சிநேகிதர் ஒருவர் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல உத்தியோகம், ஒரு பெண், ஒரு பிள்ளை. கால் ஆணிக்குப் போடும் மருந்தைக் கடையில் வாங்கித் தாமே தடவி, மெல்லிய தோலைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். அலமாரியில் அந்தச் சீசாவைப் பார்த்த மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அந்த அம்மாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கே போய் இதை வாங்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டார்களாம்.

"நான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஸார். அப்படியானால்..." என்று என்னிடம் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் எனக்கு மருவைவிடப் பயங்கரமாகப் பட்டது. சந்தேகம் கதைக்கு நல்ல சரக்கு, குடும்பத்துக்கு விஷம். இருவருமாகச் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள் என்று வற்புறுத்தி அனுப்பினேன்.

டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாராம். இது ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. தாம்பத்தியம் அறிந்த ஆண் பெண் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போகும். பெரும்பாலும் ஓரிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சில சமயம் அடையாளமே காட்டாமல் வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து தலை தூக்கும். ஆகவே இன்று தெரிகிற மரு நேற்றைய நடத்தைக்குச் சாட்சி அல்ல. குற்றவாளி என்றும் சொல்லாது. நிரபராதி என்றும் சொல்லாது. கூண்டில் ஏற்றவே லாயக்கில்லாத சாட்சி!

மரு உண்டாக்குபவை பெரும்பாலும் 6, 11 என்ற வகைகள். அவை புற்று நோயில் கொண்டு விடுவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்று நோயில் பத்துக்கு ஏழு 16, 18 என்ற வகைகளின் கைவரிசை. இந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வைரஸ் ஆணின் குறியிலும் குதத்திலும் தொண்டையிலும்கூடப் புற்று வைக்கக்கூடும். பெண்களுக்கு முன்கூட்டியே கண்டறியப் பரிசோதனை இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட பொதுப் பரிசோதனை இல்லை. எனவே ஆண் தன்னை அறியாமலே சுமக்கிறான். விளைவைப் பெரும்பாலும் பெண் அனுபவிக்கிறாள். எங்கே போனீர்கள் என்ற வழக்கில் நாளைக் கழித்த அந்த வீட்டில், உண்மையில் அவசரமாக நடக்க வேண்டியிருந்தது அந்த அம்மாளின் பரிசோதனைதான். நடந்தது, ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

மருவைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து மூன்று தடவையில் எடுத்தார்கள். மரு போனால் வைரஸும் போயிற்று என்று அர்த்தமில்லை; சில மாதங்களில் திரும்பவும் வரலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும்; ஆனால் தோலோடு தோல் பட்டாலே தொற்றும் ஆகையால் அது முழுக் கவசம் அல்ல. புகை பிடிப்பவர் உடம்பு வைரஸை விரட்டத் திணறுமாம். சிநேகிதர் சிகரெட்டை விட்டுவிட்டார். மனைவி எத்தனையோ வருஷம் கெஞ்சியும் நடக்காத காரியம் அது!

தடுப்பூசி, வந்த தொற்றைப் போக்காது. இனி வருவதைத் தடுக்கும். ஆகையால் சின்ன வயதிலேயே போடுவது உத்தமம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் போடுகிறார்கள். புனாவில் தயாராகும் நம் நாட்டு ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 26 வயது வரை இருபாலாருக்கும் போடலாம். பதினாலு வயது வரை இரண்டு ஊசி. அதற்கு மேல் மூன்று.

பெண்ணுக்குப் போட வேண்டும் என்று சொன்னால் நம்மவர்கள் தலையாட்டுகிறார்கள். பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அவனுக்காகவும்தான், நாளைக்கு அவனை நம்பிக் கை பிடிக்கப் போகிற, இன்று எந்த ஊரிலோ பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணுக்காகவும்தான்.