மெல்போர்ன் மைதானத்து மௌனம்

மெல்போர்ன் நகரத்துக்குப் புதிதாய் வருகிறவர்களிடம் அவ்வூரார் சொல்லும் முதல் யோசனை, யர்ரா நதிக்கு அருகே இருக்கும் கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்து வாருங்கள் என்பதுதான். நம் ஊரில் கோயில் கோபுரத்தைக் காட்டுவது போல் அவர்கள் அதைக் காட்டுகிறார்கள். ஒரு லட்சம் ஜனங்கள் உட்காரக் கூடிய மைதானம் அது. கோடையில் கிரிக்கெட், குளிர் காலத்தில் பந்தாட்டம். பந்தாட்டம் என்றதும் நேயர்கள் நம் ஊர்க் கால்பந்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆளின் மேல் ஏறிக் குதித்துப் பிடித்தால் இன்னும் கைதட்டல்!

இந்த மைதானத்துக்குப் போக உத்தேசிப்பவர்கள் ஏப்ரல் 25-ந் தேதியைத் தேர்ந்தெடுப்பது நலம். 1915-ம் வருஷம் அதே தேதியில்தான் ஆஸ்திரேலிய, நியூஜிலாந்துச் சிப்பாய்கள் துருக்கி தேசத்துக் கல்லிப்போலிக் கரையில் இறங்கினார்கள். எட்டு மாதம் போராடி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியரைப் பலி கொடுத்து, ஒன்றும் சாதியாமல் திரும்பினார்கள். வெற்றி பெற்ற நாளைக் கொண்டாடும் தேசங்கள் பல உண்டு. தோல்வியுற்ற நாளை இத்தனை பக்தியுடன் அனுஷ்டிக்கும் தேசம் அபூர்வம்.

அன்று விடியற்கால இருட்டிலேயே ஞாபகார்த்த மண்டபத்தின் முன் ஆயிரக் கணக்கானோர் கூடி நிற்கிறார்கள். 1934-ல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் ஒரு விசேஷம் உண்டு. நவம்பர் 11-ந் தேதி பகல் பதினோரு மணிக்கு ஒளிக்கதிர் ஒன்று கூரையின் துவாரம் வழியே இறங்கி, தரைக் கல்லில் செதுக்கிய 'அன்பு' என்னும் பொருளுடைய வார்த்தையின் மேல் விழுமாறு கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 25-ந் தேதி பகல் ஒரு மணி வரையில் நகரத்தில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. 1960-க்கு முன்னால் அன்று லீக் பந்தாட்டம் ஆடுவதும் கிடையாது.

இப்போதைய வழக்கம் 1995-ல் ஆரம்பமாயிற்று. எஸ்ஸெண்டன் சங்கத்தின் பயிற்சியாளர் கெவின் ஷீடி, விக்டோரியா மாகாணத்து முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் புரூஸ் ரக்ஸ்டனுடன் பேசி, இந்த நாளில் எஸ்ஸெண்டனும் காலிங்வுட்டும் மோதும் ஏற்பாட்டைச் செய்தார். முதல் வருஷமே 94,825 பேர் வந்தார்கள். ஆட்டமோ 111-க்கு 111 என்று சமனில் முடிந்தது. அன்று யாரும் தோற்காததை அநேகர் பொருத்தமாகவே நினைத்திருப்பார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் கிழப் படைவீரர்களை மோட்டார் வண்டிகளில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி அழைத்து வருகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு அணிந்தவர்களும், கறுப்பில் சிவப்புப் பட்டை அணிந்தவர்களும் கட்சி மறந்து எழுந்து நிற்கிறார்கள். மார்பில் பதக்கங்கள் அசைய, அந்தக் கிழவர்கள் கை ஆட்டிக் கொண்டு போகிறார்கள். பிறகு ஒற்றைக் கொம்பு வாத்தியம் ஊதுகிறது. அதன் பின் மௌனம். பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரு நிமிஷம் வாய் மூட வைப்பதே எவ்வளவு பாடு என்பதை நாம் அறிவோம். தொண்ணூறாயிரம் பேர் ஒருசேர வாய் மூடும்போது கொடிக் கயிறு கம்பத்தில் மோதும் ஓசை கூடக் கேட்கிறது.

கல்லிப்போலியில் போரிட்ட ஆஸ்திரேலியரில் கடைசியாக எஞ்சியிருந்த அலெக் காம்ப்பெல் 2002-ல் காலமானார். வியட்நாம் சென்று வந்தவர்களும் வண்டிகளில் வருகிறார்கள். அந்த யுத்தத்தைத் தேசத்தில் பலர் வெறுத்தார்கள். அந்த வெறுப்பு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் போன வாலிபர்கள் மீதும் விழுந்தது. 1987-ல்தான் ஸிட்னியில் அவர்களுக்கு முறையான வரவேற்பு ஊர்வலம் நடந்தது. அந்த மனிதர்களுக்கு இந்த மைதானத்துக் கைதட்டல் என்னவாய்க் கேட்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இம்மைதானத்துக்கு யுத்தம் அந்நியமல்ல. 1942 முதல் 1945 வரை இங்கே ஆட்டம் நின்று, சிப்பாய்கள் குடியிருந்தார்கள். குவாடல்கனாலில் போரிட்டு அலுத்து வந்த அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் இதன் படிவரிசைகளில் படுத்து உறங்கினார்கள். வாசலில் ரான் பராஸி என்னும் புகழ் பெற்ற ஆட்டக்காரரின் சிலை நிற்கிறது. அதே பெயர் கொண்ட அவர் தகப்பனார் 1940-ல் கோப்பை வென்ற மெல்போர்ன் கோஷ்டியில் இருந்தவர். அடுத்த வருஷம் டோப்ருக்கில் மாண்டார்.

எல்லாம் தூய பக்திதானா என்று கேட்பவர்களும் உண்டு. டிக்கெட் விற்கிறது, டெலிவிஷன்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இதைவிட மோசம். அங்கே ஆட்டக் களங்களில் நடந்த வீரர் வந்தனங்களில் பலவற்றுக்கு ராணுவ இலாகாவே பணம் கொடுத்திருந்ததை 2015-ல் மக்கெய்ன், ஃப்ளேக் என்னும் இரு செனட்டர்கள் அம்பலப்படுத்தினர். கூலிக்கு மாரடித்த அந்த மரியாதையின் விலை 68 லட்சம் டாலர்! மெல்போர்னில் வாத்தியத்துக்கு முன் விழும் மௌனத்தை அப்படி விலைக்கு வாங்க முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஒரு குறை மட்டும் மனத்தை உறுத்தியது. அந்த 25-ந் தேதி ஆஸ்திரேலியரோடு இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் அதே கரையில் இறங்கினார்கள். குண்டு மழையில் கோவேறு கழுதைகளை ஓட்டித் தண்ணீரும் தோட்டாவும் சுமந்தவர்கள் நம்மவர்கள். கல்லிப்போலியில் பணி புரிந்த இந்தியர் ஏறக்குறைய 16,000 பேர். மைதானத்தில் நம் அருகே உட்கார்ந்திருந்த கனவான், விவரமறிந்தவர்தான், இதைக் கேட்டு வியப்படைந்தார். அவரைக் குறை சொல்வானேன்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்நியன் சண்டைக்குப் போனவர்கள் என்று ஒதுக்கிவிட்டோம். தமிழ் நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு அவ்வூரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று கூறும் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டுமே.

2019 மார்ச் 8-ந் தேதி ராஞ்சியில், புல்வாமாவில் மாண்டவர்களுக்காக நமது கிரிக்கெட் வீரர்கள் ராணுவத் தொப்பி அணிந்து ஆடி, ஆட்ட ஊதியத்தைத் தேசப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தார்கள். நல்ல காரியம், ஆனால் துக்கம் சூடாயிருந்தபோது நடந்தது. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்ற கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து சில மணி நேரப் பிரயாணம்தான்.