பயிர்க் காவலுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கறது?

அக்கா பையனுக்குப் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைச்சிருக்குங்க. மலையடிவாரத்துல ஆறு ஏக்கரா வெச்சிருக்கான். நாலு ஏக்கராவுல மக்காச்சோளம், மிச்சத்துல நிலக்கடலை. அந்தப் பக்கம் வெள்ளாமை வெச்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கதிர் பால் பிடிக்கிற சமயத்துல காட்டுப்பன்னி கூட்டமா எறங்குனா, தின்னது கொஞ்சம், மிதிச்சுச் சாய்ச்சது நெறைய. கடலைக் காட்டுல எறங்குனா விடியக்காலம் போய்ப் பாத்தா ஏர் ஓட்டுன மாதிரி கெடக்கும்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே போன்ல மூணு வீடியோ அனுப்பிச்சான். மூணுமே வெளிநாட்டுச் செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவை ஏத்திக்கிட்டு விசையை அமுக்க அமுக்க அஞ்சு தோட்டாவும் விடாமப் போகுது. "மாமா, இதுல எது நம்பி வாங்கலாம்? எது மடக்காம சுடும்?"ன்னு கேட்டான்.

எங்க அப்பா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி இப்ப என் பேர்ல இருக்கு. முப்பது வருசமா அதைத் தொடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். அதனால சொந்தக்காரங்க துப்பாக்கின்னா என்கிட்டதான் கேப்பாங்க. அவனுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதறேன். காட்டோரத்துல இருக்கற வேற யாருக்காவது உதவும்.

முதல்ல செமி ஆட்டோமேட்டிக்கைக் குறைச்சு மதிப்பிடாதீங்க. அருமையான வேலைப்பாடு. அமெரிக்காவுல ஜான் பிரவுனிங்னு ஒருத்தர் 1900-ல இதுக்குக் காப்புரிமை வாங்குனாரு. பெல்ஜியத்துல 1902-ல தயாரிக்க ஆரம்பிச்ச அந்த ஆட்டோ-5 துப்பாக்கி 1998 வரைக்கும் வந்துச்சு. கிட்டத்தட்ட நூறு வருசம் ஒரே மாதிரித் துப்பாக்கி விக்குதுன்னா அதுல சரக்கு இல்லாம இருக்காதுங்க.

சங்கதி இதுதான். ஒரு தோட்டா வெடிச்சா அந்த விசையே வெடிச்ச கூட்டை வெளிய தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ள ஏத்திடும். நாம ஒவ்வொரு தடவையும் விசையை மட்டும் அமுக்கினா போதும். பிரவுனிங் துப்பாக்கியில குழலே பின்னாடி போய் வரும். இப்ப வர்றது பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு வாயு வகை. குழல்ல சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா மருந்துப் புகை வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். தோள்ல உதை கம்மியா விழும், ஆனா கரி சேரும். கரியைத் தொடைக்காம விட்டா ஒரு நாள் நின்னுக்கும். இன்னொண்ணு உதை வகை, பெனெல்லி மாதிரி. சுடும்போது துப்பாக்கி பின்னாடி நகருது பாருங்க, அந்த உதையை ஒரு கெட்டி ஸ்பிரிங் வாங்கித் திருப்பித் தள்ளும். உள்ள அவ்வளவாக் கரி சேராது. ஆனா தோள்ல நல்லா ஊணிப் பிடிக்கணும். தளர்வாப் பிடிச்சாலோ, மருந்து கம்மியான தோட்டா போட்டாலோ பாதியில மடக்கும்.

ஆக, செமி ஆட்டோமேட்டிக் மடக்குமா மடக்காதாங்கறதை துப்பாக்கி மட்டும் முடிவு பண்றதில்ல. பாதி தோட்டா கையில இருக்கு. சட்டப்படி வாங்கறவங்க, அதாவது போட்டிக்குச் சுடறவங்க, வெளிநாட்டுல பண்ணை வெச்சிருக்கறவங்க, கவனிக்க வேண்டியது நாலு. உங்க ஊர்ல எப்பவும் கிடைக்கிற தோட்டா எதுவோ அதைப் போட்டு ரைஃபிள் கிளப் மைதானத்துல அம்பது அறுபது சுட்டுப் பாக்கணும். கழட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும், ஏன்னா கஷ்டமா இருந்தா யாரும் தொடைக்க மாட்டாங்க. ஸ்பிரிங், ரப்பர் வளையம் மாதிரி தேயற சாமான் பக்கத்துல கிடைக்குமான்னு கேக்கணும். கட்டை நம்ம தோளுக்குச் சேருதான்னு பாக்கணும். இந்த நாலும் சரியா இருந்தா அது நல்ல துப்பாக்கிதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டம் 13-வது பிரிவுல பயிர்க் காவலுக்குன்னு முதல்ல சொல்லியிருக்கறது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணுனா, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ள வரி இல்லாத வேற துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கலாம். நம்ம பக்கம் ஒத்தைக்குழல், ரெட்டைக்குழல் வர்றது இந்த வழியாத்தான். செமி ஆட்டோமேட்டிக் விதிகள்ல தனி வகுப்பு. பயிருக்குன்னு சாதாரணமாக் கேட்டு வாங்கற சாமான் இல்ல. லைசென்ஸ்ல என்ன வகை எழுதியிருக்கோ அதைத் தவிர கடைக்காரர் வேற குடுக்கவும் கூடாது. "மாப்ள, உன் லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"ன்னு கேட்டேன். அப்புறம்தான் எடுத்துப் படிச்சான்.

அடுத்தது இன்னும் முக்கியம். லைசென்ஸ் இருக்குங்கறதுக்காகப் பன்னியைச் சுட முடியாதுங்க. அது வன உயிரினச் சட்டத்துல இருக்கற பிராணி. 2025 ஜனவரியில நம்ம சட்டமன்றத்துல சொன்ன ஏற்பாடு என்னன்னா, காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள புடிச்சுக் கொண்டுபோய்க் காட்டுல விடணும். மூணுக்கு வெளிய இருந்தாதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான். பக்கத்துக் கேரளாவுல 2022-ல இருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டு லைசென்ஸ் உள்ளவங்களைச் சுடச் சொல்லலாம். இங்க அப்படி இல்ல. நம்ம துப்பாக்கிக்கு வேலை சத்தம் போடறது. ஆள் இருக்காங்கன்னு காட்டறது. அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் அவனுக்குக் கோவம். "அப்ப எதுக்கு மாமா துப்பாக்கி? பட்டாசே போதுமே"ன்னான். நியாயமான கேள்விதான். பட்டாசுக்குப் பன்னி நாலு நாள்ல பழகிடுது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் பழகும், ஆனா கொஞ்சம் லேட்டாப் பழகும். பரண்ல ஆள், டார்ச், நாய், சத்தம் எல்லாம் மாத்தி மாத்தி இருந்தாத்தான் கதிர் மிஞ்சும். துப்பாக்கி மட்டும் வெள்ளாமையைக் காப்பாத்தாது. ஆனா அதை வேண்டாம்னும் நான் சொல்ல மாட்டேன். அது இல்லாதவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டுத்தான் இருக்கோம். கரண்ட் கம்பியை நேரா வேலியில குடுத்துடறாங்க. பன்னி சாகுதோ இல்லையோ, தண்ணி கட்டப் போன மனுசன் செத்துப்போறான். எங்க பக்கத்து ஊர்லயே ஒரு வீட்டுல அப்படி விளக்கு அணைஞ்சுது. அதனால அவன் துப்பாக்கி கேட்டு எழுதிக் குடுத்தப்ப நான்தான் கூடவே நின்னேன்.

சரி, சத்தம் போடத்தானே, அஞ்சு சத்தம் விடாமப் போட்டா நல்லதுதானேன்னு கேப்பீங்க. இங்கதான் நான் சொல்ல வர்ற விசயம் இருக்கு.

செமி ஆட்டோமேட்டிக் ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக் குழலுக்குள்ள போய் உக்காந்துடுது. அதுதான் அதோட பெருமை. அதுதான் நம்ம தோட்டத்துல அதோட ஆபத்தும். சுட்டு முடிச்சதுக்கு அப்புறமும் அது சுடத் தயாரா நிக்கும். வெளிய இருந்து பாத்தாத் தெரியாது. கீழ இருக்கற குழாயைக் காலி பண்ணிட்டோம்னு நெனச்சாலும் மேல ஒண்ணு உள்ள இருக்கும். இருட்டுல, பனியில, தூக்கக் கலக்கத்துல இதை ஒவ்வொண்ணா எடுத்துக் காலி பண்ணி, விரல் விட்டுத் தடவிப் பாக்கணும். பகல்ல மைதானத்துல சுடறவனுக்கு அது பெரிய வேலை இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வரப்புல நடக்கறவனுக்கு அது பெரிய வேலை.

ரெட்டைக்குழலை மடக்கித் தொறந்தா ரெண்டு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியுது. தொறந்து கையில போட்டுக்கிட்டு நடந்தா, பத்தடி தள்ளி வர்றவனுக்கும் அது சுடாதுன்னு தெரியும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசியில பரண்ல இருந்து ஆகாசத்தைப் பாத்து ஒண்ணு விட்டேன். கூட்டம் ஓடுன சத்தம் கேட்டுச்சு. மீதித் தோட்டாவை எடுத்துப் பையில போட்டுட்டு, துப்பாக்கியைத் தொறந்தபடியே எறங்கி நடந்தேன். சோளத்துக்குள்ள சரசரன்னு சத்தம். ஒத்தைப் பன்னி பின்தங்கிடுச்சுன்னுதான் யாரும் நெனப்பாங்க. டார்ச் அடிச்சா பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. எழுபது வயசு. கேட் வால்வ் மூடாம வந்துட்டோமேன்னு எந்திரிச்சு வந்திருக்காரு, கையில வெளிச்சம் இல்ல. என்னைப் பாத்ததும் அவரு கேட்ட முதல் வார்த்தை, "உள்ள குண்டு இருக்காடா?" துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுனேன். ரெண்டு குழல் வழியாவும் டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் போச்சு. "சரி வா, வால்வை மூடிட்டுப் போலாம்"னாரு. அவ்வளவுதான் நடந்தது. தொறந்த துப்பாக்கியா இருந்ததாலதான் அவ்வளவோட நின்னுச்சு.

மாப்ள வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க. ராத்திரித் தண்ணி கட்ட வர்ற ஆளுங்க, காட்டு வழியில நடக்கற ஊர்க்காரங்க, மேய விட்ட மாட்டைத் தேடி வர்றவங்க எல்லாம் அந்த வரப்புலதான் வர்றாங்க. அங்க நம்பிக்கையான துப்பாக்கின்னா, காலி ஆயிடுச்சுன்னா காலின்னு எல்லாருக்கும் தெரியறதுதான். இதைச் சொன்னதும் அவன் வீடியோ பத்திப் பேசறதை நிறுத்திட்டான்.

மடக்காம சுடறதுன்னு பாத்தாலும் ரெட்டைக்குழல் மோசமில்லைங்க. ஒரே கட்டையில ரெண்டு துப்பாக்கி மாதிரி அது. ஒரு பக்கம் தோட்டா வெடிக்கலைன்னா அடுத்த விசை இருக்கு. ஆனா வெடிக்காத தோட்டாவை ஒடனே தொறந்து எடுக்கப் படாது. வாயை ஆள் இல்லாத பக்கம் வெச்சு அரை நிமிசம் பொறுத்துத்தான் தொறக்கணும். சில சமயம் தாமதமா வெடிக்கும்.

ரெண்டு பேரும் லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய், வாரிசு குடுத்துட்டுப் போன பழைய ரெட்டைக்குழல் ஒண்ணைப் பாத்தோம். என்ன பாத்தோம்னு எழுதறேன், பழசு வாங்கறவங்களுக்கு உதவும். மூடி வெச்சு ஆட்டிப் பாத்தோம், கீல்ல ஆட்டம் இருக்கக் கூடாது. குழல் உள்ள வெளிச்சத்துல பாத்தோம், துருக்குழி, அமுங்குன எடம் இருந்தா வேண்டாம். காலித் துப்பாக்கியில சேஃப்டி போட்டு விசையை அமுக்கிப் பாத்தோம், நகரக் கூடாது. அப்புறம் அறை நீளம். பழைய துப்பாக்கி சிலதுல 65 மில்லிமீட்டர் தோட்டாதான் போடணும். இப்ப வர்றது பெரும்பாலும் 70. நீளத் தோட்டா உள்ள போயிடும், மூடவும் மூடும், ஆனா வெடிக்கறப்ப வாய் விரிய எடம் இல்லாம அழுத்தம் ஏறிடும். குழல்ல குத்தியிருக்கற நம்பரைப் படிக்காம வாங்காதீங்க. இவன் வாங்குனது 70.

தோட்டாவை நெல்லுப் பானைக்குள்ள, அட்டாலியில எல்லாம் போட்டு வெக்காதீங்க. ஈரம் படாத டப்பா, பூட்டு, துப்பாக்கியில இருந்து தள்ளி வேற எடம். லைசென்ஸ்ல பேர் இருக்கறவங்களைத் தவிர வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது, தம்பியா இருந்தாலும் சரி. தேர்தல் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ரசீது வாங்கி லைசென்ஸ் கூடவே வெச்சுக்கங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் அஞ்சு வருசத்துக்குச் செல்லும். அஞ்சு வருசம்னா மறந்துடும், அதனால தேதியைக் காலண்டர்ல எழுதாம வீட்டுச் செவுத்துலயே எழுதி வெச்சுட்டேன்.

மாப்ள இப்பப் பரண் கட்டிக்கிட்டு இருக்கான். சோளம் இன்னும் முழங்கால் உசரம்தான். கதிர் வர்றதுக்குள்ள அவங்க வீட்டுக்காரம்மாவுக்கும் துப்பாக்கி தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்கக் கத்துக் குடுன்னு சொல்லியிருக்கேன். சுடறதுக்கு இல்லைங்க, வீட்டுக்குள்ள வர்றப்ப வாசல்லயே நிறுத்திக் கேக்கறதுக்கு.