எந்த ஊரு?

மகளுக்காகக் காத்திருந்த கடையில் காபியை அட்டைக் கோப்பையில் கொடுத்தார்கள், நுரையின்மேல் இலை வரைந்திருந்தது, வாயில் வைத்தால் சூடு இருந்தது, மணம் இல்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியைத் திறந்து வைத்து, காதை அடைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சென்னையின் ஐப்பசி மழை. யாரோ கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வர, எதிர்ச்சாரியில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையின் மணம் ஈரக்காற்றோடு சேர்ந்து உள்ளே நுழைந்தது, கொட்டை கருகுவதற்குச் சற்று முன்னால் எழுமே, அந்த மணம், கூடவே சிக்கரியின் வெல்லம் காய்ந்தது போன்ற கசப்பு.

அது மூக்கில் ஏறினால் எனக்கு எங்கே இருந்தாலும் விடியற்காலைதான், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர்தான். தாத்தா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு முன்னால் போவார், நான் அவர் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன், தெருக்கோடியில் கீற்றுக் கொட்டகைக்குள் பித்தளை பாய்லரின் அடியில் கரி கனிந்து சிவப்பாகத் தெரியும். கடைக்காரர் துணிப்பையில் பொடியைப் போட்டு வெந்நீரை விட்டு முதல் டிகாக்‌ஷனைத் தனியாக இறக்குவார், அது தாத்தாவுக்கும் அவரைப் போன்ற நாலைந்து கிழவர்களுக்கும். தாத்தா டபராவில் ஊற்றி ஆற்ற மாட்டார், டம்ளரைத் துண்டு முனையால் பிடித்து, மூக்குக்கு நேரே ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டுத்தான் குடிப்பார். இன்று நெடுஞ்சாலை நெடுகக் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள், டபராகூடப் பளபளவென்று செம்பில் இருக்கிறது, நான்கு இடத்தில் குடித்துப் பார்த்துவிட்டேன், நான் தேடிய ருசி அங்கே இல்லை.

ஊரின் காரியமெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் நடந்தது. ஏழே காலுக்கு ரேடியோவில் டில்லித் தமிழ்ச் செய்தி, அது முடிவதற்குள் கும்பகோணம் பஸ்ஸில் தினத்தந்தி வந்துவிடும், தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாய்க் கை மாறும், முதல் தாள் தாத்தாவிடம், நடுத்தாள் போஸ்ட்மேனிடம், எழுத்து தெரியாதவர்களுக்கு யாராவது உரக்கப் படிப்பார்கள், படிக்கக் கேட்டே அரசியல் பேசிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள், ராத்திரி யார் தவறிப்போனார்கள் என்பதெல்லாம் தினத்தந்திக்கு முன்னாலேயே அங்கே வந்துவிடும். புது முகம் யாராவது வந்தால் தாத்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “எந்த ஊரு தம்பி, யாரு வீட்டுப் புள்ள?” என்பார். எவ்வளவு அன்பான மனுஷர் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தக் கேள்விக்கு வந்த பதிலைப் பொறுத்துத்தான் டம்ளர் மாறியது என்பது புரிய எனக்குப் பன்னிரண்டு வயதாக வேண்டியிருந்தது. கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தில் இரண்டு ஆணி, ஒவ்வொன்றிலும் கைப்பிடி வைத்த ஓர் அலுமினியக் குவளை, சிலர் வந்தால் அதைத் தாங்களே எடுத்துக் கழுவி நீட்டுவார்கள், கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார், அவர்கள் நின்றபடியே குடித்து, மறுபடி கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள். பேப்பரை உரக்கப் படிக்கும்போது அவர்களும் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், நடுத்தாள் மட்டும் அங்கே போனதில்லை. நான் பிறப்பதற்கு முன்பு, 1957இல், திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள், அந்தச் செய்தியையும் இதே பெஞ்சில் யாரோ உரக்கப் படித்திருப்பார்கள், மரத்தடியிலும் அது கேட்டிருக்கும்.

அதே 1957இல்தான் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கொடுத்த ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இது எனக்குத் தெரியவந்தது வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகு, எம்.ஜி. ரோடு காபி ஹவுஸில். விசிறி வைத்த வெள்ளைத் தலைப்பாகையோடு பரிமாறியவர்தான் அந்தக் கடைக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் என்று பக்கத்து மேஜைக் கிழவர் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் ஆங்கிலப் பேப்பரின் பாதியை என் பக்கம் தள்ளினார். மழையும் வெயிலும் கலந்த அந்த ஊரின் சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியே பீங்கான் கோப்பையின்மேல் விழும், ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொன்னதில்லை. வாராவாரம் அதே மேஜைக்குப் போனேன், அந்தக் கிழவர் கடைசிவரை நான் எந்த ஊர் என்று கேட்கவே இல்லை, முதலில் அது குறையாகத்தான் பட்டது. 2009இல் அந்த இடத்தைக் காலி செய்து சர்ச் தெருவுக்குப் போய்விட்டார்கள், புது இடத்துக்கு ஒருமுறை போனேன், காபி அதேதான், ஜன்னல் வேறு.

கதவு மறுபடி திறந்தது, முதுகில் பெரிய பையோடு ஒரு பையன், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். கல்லாவில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், “ஆர்டர் வந்ததும் கூப்பிடறேன், வெளிய நில்லுங்க” என்றாள், அவன் பழகியவன்போல உடனே திரும்பிக் கூரை ஓரத்தில் ஒதுங்கி நின்றான். எதிர் நாற்காலியில் இருந்த என் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, “உள்ள வந்து உக்காருங்க தம்பி” என்று கைகாட்டினேன். “பரவால்ல சார், இப்ப வந்துரும்” என்றான். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றேன், அங்கே காபிக்கொட்டை வறுபடும் மணம் நன்றாக அடித்தது, அவனும் அந்தப் பக்கம் பார்த்து மூச்சை இழுத்தான். எந்த ஊரு தம்பி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மழை எப்போது விடும் என்று கேட்டேன்.