வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

நாசரேத்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான பேச்சைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், கடைசியில் ரெண்டு பேரும் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவோம். அதனால் பழையபடி கடிதம். போட்டோ எடுத்துத்தான் அனுப்பப் போகிறேன், தபாலை நம்பி இல்லை.

தோஹாவில் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது ஒரு சகோதரர் உன்னை நிறுத்தி, "நாலாம் கற்பனை ஏழாம் நாளைத்தான் சொல்கிறது. ஏழாம் நாள் சனிக்கிழமை. நீங்கள் வெள்ளியில் கூடுகிறீர்கள், உங்கள் ஊரில் ஞாயிற்றில் கூடுகிறார்கள். ரெண்டு பேருமே கற்பனையை மீறினவர்கள்" என்றாராம். அன்றிலிருந்து உனக்கு மனசு சரியில்லை. அதே பேச்சில், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். வேலை நெருக்கடி, என் கீழே வேலை பார்க்கிற பையன்களை வெள்ளிக்கிழமையும் சைட்டுக்கு வரவைக்கிறார்கள், ஓவர்டைம் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன் என்று. கிழமை உன்னை உறுத்துகிறது. கையெழுத்து உன்னை உறுத்தினதாகத் தெரியவில்லை. நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

முதலில் கிழமையை முடித்துவிடுவோம். அவர் சொன்னதில் பாதி சரி. ஏழாம் நாள் சனிக்கிழமைதான். அதை ஞாயிறாக மாற்றினேன் என்று இயேசுவும் சொல்லவில்லை, பவுலும் சொல்லவில்லை. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், ஆகவே விசுவாசிகள் அன்றைக்குக் கூடினார்கள். துரோவாவில் கூடியபோது பேச்சு நள்ளிரவு வரை போயிற்று. ஐத்திகு என்ற பையன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பகலெல்லாம் எங்கேயாவது பாடுபட்டுவிட்டு வந்தவனாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று பிளினி என்கிற ரோம ஆளுநரும் தன் பேரரசருக்கு எழுதியிருக்கிறான். அவர்களில் அடிமைகள் எத்தனையோ பேர். அடிமைக்கு யார் லீவு கொடுப்பார்கள்? முதல் மூன்று நூற்றாண்டு ஞாயிறு என்பது கூடுகிற நாள், வேலையை நிறுத்துகிற நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று முதலில் சட்டம் போட்டவன் கான்ஸ்டன்டைன், 321-ல். நீதிமன்றமும் பட்டணத்துத் தொழில்களும் மூடவேண்டும், விவசாயி மட்டும் பருவம் தவறாமல் வேலை பார்க்கலாம் என்று அதிலேயே விலக்கும் வைத்தான்.

ஒருவன் ஒரு நாளை உயர்வாக எண்ணுகிறான், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று. அவனவன் தன் மனதில் நிச்சயப்பட்டிருக்கட்டும் என்கிற பொருளில் பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். எனக்கு அது போதும். நீ வெள்ளிக்கிழமை கூடுவதில் ஒரு குற்றமும் இல்லை. துபாயில் 2022-ல் வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றும் வரை நம் ஆட்கள் வருஷக்கணக்காக வெள்ளியில்தானே நற்கருணை வாங்கினார்கள்?

ஆனால் அந்தச் சகோதரரை ஏளனமாகப் பேசாதே. சனிக்கிழமை ஆசரிப்பு உனக்குப் புதிதாகத் தெரியலாம், நம் ஊருக்குப் புதிதல்ல. சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் நாசரேத் மிஷனெரியோடு பிணங்கிப் பிரிந்துபோய் 1857-ல் சொந்தமாக இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் வேதத்தைத் தன் வழக்கத்துக்கு வளைத்துவிட்டான், வேதத்தில் உள்ளபடியே நாம் ஆசரிப்போம் என்று சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். இதோ, நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பிரகாசபுரத்தில். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனெரிகள் பிற்பாடு இந்தப் பக்கம் வந்ததே, இங்கே ஏற்கனவே சனிக்கிழமையை ஆசரிக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான். தான் படித்ததை நம்பி மிஷனை எதிர்த்து நின்ற மனுஷன். அவரோடு நான் உடன்படவில்லை, ஆனால் அந்தத் தைரியத்தில் கால்வாசி நமக்கு இருந்தால் தேவலை.

நம் தாத்தாவுக்கு இந்தக் கிழமைச் சண்டை எதுவும் ஏறாது. பனைக்குக் கிழமை தெரியாதே. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவின முகம் காய்ந்துபோகும், ஊறுவது நின்றுவிடும். தாத்தா ஞாயிற்றுக்கிழமை இருட்டிலேயே அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், ஏறி இறங்கி, குளித்து, வெளுத்த வேட்டியோடு இரண்டாம் மணி அடிக்கிறபோது கோயிலில் இருப்பார். மார்பிலும் முழங்கையிலும் பனை உரசின காய்ப்பு சட்டைக்குள்ளே. அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆச்சி? பதநீரும் மன்னா மாதிரிதான், மறுநாளுக்குத் தாங்காது. கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினாலும் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுகிற விடிலிக்குள் ஓலையும் சில்லாட்டையும் போட்டு எரித்து, புகையில் கண் சிவந்து, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி முடிக்கிறபோது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். பதநீர்க் காலம் முடிகிறவரை ஆச்சி காலை ஆராதனையைப் பார்த்ததில்லை. சாயங்கால ஜெபத்துக்கு வருவாள், வந்து தூங்குவாள். ஐத்திகு கதையைச் சண்டே ஸ்கூலில் கேட்டபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

நாமெல்லாம் பத்துக் கற்பனையை மனப்பாடம் செய்தது யாத்திராகமத்திலிருந்து. ஆறு நாளில் தேவன் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்தார், நீயும் ஓய்ந்திரு என்பது அங்கே சொல்லும் காரணம். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் படி. அதே கற்பனை, காரணம் வேறு. எகிப்திலே நீ அடிமையாயிருந்தாய், உன்னை அங்கிருந்து புறப்படப் பண்ணினேன், அதை மறக்காதே என்கிறது. யார் யார் ஓய வேண்டும் என்ற பட்டியலைப் பார்: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் தங்கியிருக்கிற அந்நியன். உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று கூடுதலாக ஒரு வரி. இந்தக் கற்பனை சும்மா இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னதில்லை; பிறத்தியாரின் நாளைக் கையில் வைத்திருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது.

(பட்டியலில் பெஞ்சாதி இல்லை, கவனித்தாயா? "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்று வியாக்கியானம் சொல்கிறார்கள். இருக்கலாம். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரிக்கிற ஆண்களுக்கு அந்த வியாக்கியானம் இன்னும் போய்ச் சேரவில்லை.)

யாத்திராகமத்திலேயே பார்வோன் மோசேயைத் திட்டுகிற இடத்தைப் பார். ஜனங்களை வேலையிலிருந்து ஓயப்பண்ணுகிறாய் என்பதுதான் அவன் புகார். அவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் ஆராதனைக்குப் போகணும் என்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோலையும் நிறுத்திவிட்டு அதே கணக்குச் செங்கலைக் கேட்கிறான். வைக்கோலை நிறுத்து, கணக்கைக் குறைக்காதே. உன் கம்பெனி மேலாளர் பேசுவதாக நீ சொல்கிறதும் இதே பாஷைதானே? நீ பார்வோன் இல்லை, எனக்குத் தெரியும். பார்வோனுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் கணக்கெடுக்கிற தலைவர்கள் இருந்தார்கள். கணக்குக் குறைந்தால் அவர்களுக்கும் அடி. நீ நிற்கிற இடம் அது. கஷ்டமான இடம். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன், மேலாளருக்கு எழுதவில்லை.

அந்தப் பையன்கள் நேபாளம், பீகார் என்று சொன்னாய். அவர்கள் உன் கோயிலுக்கு வரப்போகிறவர்கள் இல்லை. அதனால் கற்பனை அவர்களைத் தொடாது என்று நினைக்காதே, அந்நியன் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வாரத்துக்கு 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்வதாக நீதான் சொன்னாய். நம் நாட்டில் பம்பாய் மில்களில் ஞாயிறு விடுமுறை 1890-ல் வந்தது. அதற்காக வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற நாராயண் மேகாஜி லோகண்டே கிறிஸ்தவர் இல்லை. ஜோதிராவ் புலேயின் ஆள். நாலாம் கற்பனையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களைவிட அதற்கு நன்றாகக் கீழ்ப்படிந்தவர் அவர் என்று ஒரு தடவை பெண்கள் கூட்டத்தில் சொன்னேன். ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்தினார். ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணமாகக் கூடாதா என்று ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டான். அவன் கேட்டது அவரிடம்கூட இல்லை, ஜனங்களிடம். உங்கள் மாட்டையும் கழுதையையும் இன்றைக்குத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் ஓய்வுநாளை உடைத்ததாகப் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அன்று அந்த ஊரில் அதை ஆசரித்த ஒரே ஆள் அவர்தான்.

எரிக் லிடல் உனக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றில் விழுந்ததால் ஓட மறுத்துவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கினவர். எல்லாப் பிரசங்கத்திலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர் சீனாவுக்கு மிஷனெரியாகப் போய், யுத்தத்தில் ஜப்பானியர் வைத்திருந்த வெய்சியன் முகாமில் அடைபட்டு, 1945-ல் அங்கேயே இறந்துபோனார். அந்த முகாமில் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடி அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு நடுவராக வந்து நின்றவர் லிடல். தனக்கென்று ஓடாதவர் பிள்ளைகளுக்கென்று மைதானத்தில் இறங்கினார். பாரிஸைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி உன்னைப் பற்றி. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு அழைக்கிற இடம் மத்தேயு பதினோராம் அதிகாரத்தின் முடிவில் வருகிறது. அடுத்த அதிகாரம் தொடங்குவதே ஓய்வுநாளில் சீஷர்கள் கதிர் கொய்த வழக்கோடுதான். மத்தேயு ரெண்டையும் காரணத்தோடுதான் பக்கத்தில் வைத்தார் என்று நினைக்கிறேன். கிழமையைக் காப்பாற்றித் தேவனிடம் நல்ல பெயர் வாங்குகிற வேலையும் ஒரு பாரம்தான். எபிரெயர் நாலாம் அதிகாரம் சொல்கிற இளைப்பாறுதல் அந்த வேலையிலிருந்தும் ஓய்வது. தேவன் தம் கிரியையை முடித்து ஓய்ந்ததுபோல, தன் கிரியையால் தன்னை நிரூபிக்கிறதை விட்டுவிடுகிறது. நமக்குச் செய்யவேண்டியதை ஒருவர் சிலுவையில் செய்து முடித்துவிட்டார் என்று நம்புகிறவன் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியும். நம்பாதவனால் தூங்கக்கூட முடியாது.

நீ தூங்குகிறதில்லை என்று பிள்ளைகளின் அம்மா சொன்னாள். வீட்டுக் கடன், பெரியவளின் காலேஜ் பீஸ், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமோ என்கிற பயம். வனாந்தரத்தில் ஏழாம் நாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு மன்னா பொறுக்கப் போனவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை, தம்பி. பயந்தவர்கள். நானூறு வருஷம் அடிமையாயிருந்தவனுக்கு நாளைக்குச் சாப்பாடு வரும் என்று சொன்னால் எப்படி நம்புவான்? தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார், ஆனால் மன்னாவை நிறுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஓவர்டைமை விட்டால் வீடு மூழ்கிவிடாது என்று நீ நம்புகிறதும், அந்தப் பையன்களை நீ விடுகிறதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் தெரிகிறது. தான் பயந்து ஓடுகிறவன் இன்னொருத்தனை இளைப்பாற விடமாட்டான்.

வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அது பிரசங்கத்துக்கு நன்றாயிருக்கும், வட்டிக்கு உதவாது. இதைச் செய்: பையன்கள் எல்லாரையும் ஒரே வெள்ளியில் வரச்சொல்லாமல் பாதிப் பாதியாக முறை போடு. ரெண்டு வெள்ளிக்கு ஒரு வெள்ளியாவது ஒவ்வொருவனுக்கும் முழு நாள் கிடைக்கட்டும். சட்டத்தைக் காட்டியே மேலாளரிடம் கேள், வேதத்தைக் காட்ட வேண்டாம். ஓவர்டைம் காசை நம்பியே வருகிற பையன் இருந்தால் அவனிடம் தனியாகக் கேட்டு முடிவு செய். உனக்குப் புண்ணியம் சேர அவன் காசு குறையக் கூடாது. உன் பெயரையும் அந்த முறையில் எழுது, விட்டுவிடாதே.

அந்தச் சகோதரரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு. சனிக்கிழமை இல்லாமல் வேறு நாளாகப் பார். நீயே சமைத்துப் போடு, முன்பெல்லாம் நன்றாகத்தானே மீன் குழம்பு வைத்தாய்.

கருப்பட்டி இந்த வருஷம் விலை ஏறிக்கிடக்கிறது, கலப்படமும் அதிகம். உடன்குடியில் தெரிந்த இடத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த மாசம் யாராவது தோஹாவுக்கு வந்தால் கொடுத்தனுப்புவேன். மேலாளர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்பு அக்கா